ஈரநிலத்துக்கு ஒரு மோட்டார்

"அப்பா, அந்தத் தவளையெல்லாம் ராவும் பகலும் கத்துதே, அதுகளுக்கு யாருப்பா சம்பளம் குடுக்கறாங்க?"

மூன்றாம் வகுப்புப் படிக்கும்போது மோனிகா கேட்ட கேள்வி இது. தொழிற்சாலைச் சங்கு ஊதினால் எழுந்து, சங்கு ஊதினால் சாப்பிட்டு வளர்ந்த குழந்தை. சம்பளம் வாங்காமல் ஒரு ஜீவன் இத்தனை பாடுபடும் என்பதை அவளால் நம்ப முடியவில்லை. அன்று அவள் அப்பா குப்புசாமி சொன்ன பதில், "வாயை மூடிட்டு வாய்ப்பாடு படி" என்பதுதான்.

அவர் மேடை ஏறிப் பேச ஆரம்பித்த பிறகு அந்தப் பதில் மாறிவிட்டது. "இயற்கைத் தாய்தான் சம்பளம் குடுக்கறாள்னு என்ற மகளுக்குச் சொன்னேனுங்க" என்று மைக்கில் சொல்லிவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். மோனிகா கல்யாணமாகிக் கோயம்புத்தூருக்குப் போய்விட்டாள். கேள்வியை மட்டும் அப்பா வைத்துக்கொண்டார்.

குப்புசாமி மலைமேல் அருவங்காட்டு வெடிமருந்துத் தொழிற்சாலையில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற அன்று கழுத்தில் விழுந்த மாலையோடு 'சார்' என்ற சொல்லும் வாடிவிட்டது. மீந்தது பொன்மலர் நகர் குடியிருப்போர் நலச் சங்கத்தின் செயலாளர் பதவி ஒன்றே. அதை வைத்துத்தான் நகருக்குப் பின்னால் இருந்த சதுப்பைக் காப்பாற்றக் கிளம்பினார்.

இரண்டு மேடுகளுக்கு நடுவே கோரையும் பாசியுமாகக் கிடந்தது அந்தச் சதுப்பு. தவளைகள் இருந்தன. கானாங்கோழி குஞ்சு பொரித்தது. பனிக்காலத்தில் எங்கிருந்தோ உள்ளான் பறவை வந்து இறங்கியது. யாரும் காப்பாற்றாத காலமெல்லாம் அது நன்றாகவே இருந்தது.

இப்போது அது 'ஈரநிலப் பாதுகாப்புப் பூங்கா' ஆகப் போகிறது. திறந்துவைக்கப் பெரிய அதிகாரி ஒருவர் சம்மதித்துவிட்டார். 'செயலாளர் குப்புசாமி அவர்களின் பெருமுயற்சியால்' என்று கல்லும் செதுக்கியாகிவிட்டது. தான் போன பிறகும் தன் பெயர் ஒரு கல்லிலாவது நிற்க வேண்டும் என்பதுதான் அவர் ஆசை. மனிதன் ஆசைப்படுவதில் தப்பில்லை. கல்லுக்கு ஆசைப்பட்டுத் தண்ணீரை மறந்தார், அதுதான் தப்பு.

விழாவுக்கு ஒத்திகை பார்த்தார்கள். அதிகாரி இடத்தில் பொருளாளர் முத்துவேல் கைகூப்பிக்கொண்டு நடந்து வந்தார். பாதி வழியில் நின்றுவிட்டார்.

"என்னாச்சுங்க?"

"ஒரு செருப்பு உள்ள போயிருச்சுங்க சார்."

"எடுங்க."

"எடுக்கக் குனிஞ்சா நானும் போயிருவனுங்க."

குப்புசாமிக்கு முகம் சுருங்கியது. "அதிகாரி ஷூ போட்டுட்டு வருவாருங்க. அவரு முழங்கால் வரைக்கும் இறங்கி நின்னா நம்ம சங்கத்துக்கு என்னங்க மரியாதை?"

ஈரநிலத்தில் அவர் கண்ட ஒரே குறை, அது ஈரமாக இருந்ததுதான்.

மறுநாளே வாடகைக்கு ஒரு மோட்டார் வந்தது. சதுப்பின் ஓரத்தில் தகரக் கொட்டகை போட்டு அதற்குள் வைத்தார்கள்.

"இறைக்கற தண்ணிய எங்கீங்க விடறது?" என்று முத்துவேல் கேட்டார்.

"அந்த மேட்டைத் தாண்டி விட்டுருங்க. அக்கட்டால போயிருச்சுன்னா நமக்குச் சம்பந்தமில்ல."

சதுப்பு லேசில் விடவில்லை. பகலெல்லாம் இறைத்தால் விடிவதற்குள் மறுபடி ஊறிக்கொண்டது. அதனால் மோட்டாரை நிறுத்தவே கூடாது என்று செயலாளர் உத்தரவு போட்டார். இயற்கையா ஃபோர்மேனா என்று பார்த்துவிடுகிற வேகம் அவருக்கு.

ஒரு வாரத்தில் தரை இறுகியது. அன்று காலை குளியலறைக் கதவைத் திறந்த அவர் மனைவி புஷ்பவல்லி, திறந்த வேகத்திலேயே மூடினாள்.

"ஏனுங்க, உங்க பூங்காவுல இருந்து ஆள் வந்திருக்குதுங்க."

"யாரு புள்ள?"

"பேரு தெரியல. வாளிக்குள்ள உக்காந்துட்டு என்னையவே முறைக்கறாரு."

தவளை. ஒன்றல்ல. வாளியில், துவைக்கிற கல்லின் அடியில், மாவு ஆட்டும் கிரைண்டருக்குப் பின்னால். ஈரம் தேடிப் புறப்பட்ட தவளைகளுக்கு நகரில் ஈரமாக இருந்தவை குளியலறைகள்தான். குப்புசாமி வாளியில் பிடித்துப்போய்ச் சதுப்பில் விட்டுவிட்டு வந்தார். அவர் வீடு திரும்புவதற்குள் சில தவளைகள் அவருக்கு முன்னால் வந்து சேர்ந்திருந்தன. தவளையைத் தேடி ஒரு சாரைப்பாம்பும் வந்து, சங்க அலுவலகத்தில் தலைவர் நாற்காலிக்கடியில் சுருண்டு கொண்டது. தலைவர் அன்றோடு உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டார்.

"அதுக ஊட்டைப் புடுங்கிட்டீங்க. அதுக நம்மூட்டுக்கு வருதுக" என்றாள் புஷ்பவல்லி. "நியாயந்தானுங்களே?"

"பாதுகாப்புன்னா முதல்ல கொஞ்சம் சிரமம் இருக்கும் புள்ள."

"ஆமாமா. சிரமமெல்லாம் தவளைக்கு, பாதுகாப்பு ஷூவுக்கு."

தண்ணீர் போனதும் கோரை பழுத்துச் சாய்ந்தது. பார்க்க இடுகாடு மாதிரி இருக்கிறது என்று முத்துவேல் சொன்னார். கோரையைப் பிடுங்கி எறிந்துவிட்டு, சுருட்டிக் கொண்டுவந்த நர்சரிப் புல்லைப் பாய் விரிப்பதுபோல் விரித்தார்கள். ஓரமெல்லாம் வெள்ளை லில்லி நட்டார்கள். அதுவும் வெளிநாட்டிலிருந்து வந்து மலையைப் பிடித்துக்கொண்ட செடிதான். ஆனால் போட்டோவில் நன்றாக விழும். 'நம் மண்ணின் உயிர்களைக் காப்போம்' என்ற பலகையை அந்த லில்லிக்கு நடுவில் ஊன்றினார்கள்.

பறவை இல்லாத குறைக்குச் சிமெண்டில் ஒரு கொக்கு செய்து வைத்தார்கள். நிஜக் கானாங்கோழி ஒன்று வந்து, கொக்கைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, நடந்தே ஊரைவிட்டுப் போயிற்று.

எல்லாம் முடிந்து பார்த்தபோது முத்துவேல் தலையைச் சொறிந்தார். "சார், எல்லாம் சரிங்க. ஈரநிலப் பூங்கான்னு பேரு வெச்சுட்டுப் பொட்டுத் தண்ணி இல்லாம இருந்தா அதிகாரி கேப்பாருங்களே?"

குப்புசாமி அதற்கும் வழி சொன்னார். புல்தரையின் நடுவில் ஒரு சிமெண்டுத் தொட்டி கட்டி, கொக்கைத் தூக்கி அதில் நிறுத்தினார்கள். குழாய்த் தண்ணீர் குடிக்கவே பற்றாது என்பதால், தொட்டிக்கு லாரித் தண்ணீர் சொன்னார்கள்.

லாரிக்காரன் பெயர் செலஸ்டின். தனியாக டிரைவர் இல்லை, கிளீனர் இல்லை, எல்லாம் அவனே. குழாயைத் தொட்டியில் போட்டுவிட்டுக் கையைத் துடைத்தான்.

"தண்ணி நல்ல தண்ணியா தம்பி?" என்று குப்புசாமி கேட்டார்.

"என்ன சார் இப்பிடிக் கேட்டுட்டீங்க? ஊத்துத் தண்ணிங்க. ஊரெல்லாம் காஞ்சு கெடக்கு, இது மட்டும் குபுகுபுன்னு வருது. மாதா எனக்குன்னே தொறந்துவிட்ட ஊத்து சார்."

"எங்க இருக்குது?"

"தொழில் ரகசியங்க" என்று சிரித்தான் செலஸ்டின்.

புதுத் தொட்டி விரிசல் விட்டிருந்தது. ஊற்றிய தண்ணீர் புல்தரைக்குள் இறங்கியது. இறங்கிய தண்ணீரை மோட்டார் உறிஞ்சி வெளியே தள்ளியது. மறுநாள் கொக்கின் கால் தெரிந்தது. மறுபடி லாரி வந்தது.

"சார், மோட்டாரை நிறுத்திட்டா..." என்று முத்துவேல் இழுத்தார்.

"நிறுத்தினா தரை ஊறிடுமில்லீங்க? ஷூ?"

முத்துவேல் மறுபடி லாரிக்குப் போன் போட்டார். அந்த நகரில் ஷூ ஒரு குலதெய்வமாகிவிட்டது.

விழாவுக்கு முந்தின நாள், கீழே தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீடுகளிலிருந்து தெய்வம்மா வந்தாள். இலங்கைத் தோட்டத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பம். தேயிலைக் கொழுந்து பறிக்கிறவள். காலிக் குடத்தை இடுப்பில் வைத்தபடி வாசலுக்கு வெளியிலேயே நின்றாள்.

"ஐயா, எங்க பீலியில தண்ணி வருதில்லங்க. கொஞ்ச நாளாவே ஒழுகிக்கிட்டுதான் இருந்துச்சு. இப்ப சொட்டுகூட இல்ல."

சதுப்புக்குக் கீழே, மலைச்சரிவில் கசியும் ஊற்றுக்கு ஒரு தகரக் குழாயைச் சொருகி வைத்திருந்தார்கள். லயம் முழுக்க அந்தப் பீலியில்தான் பிடித்துக் குடித்தது.

"மழை இல்லேம்மா. ஊரெல்லாம் அப்படித்தான்" என்றார் குப்புசாமி.

"லாரி வருதுங்களே ஐயா. ஆளுக்கு ஒரு கொடம் ஊத்தச் சொன்னா புள்ளைகளுக்குச் சோறாக்கிடலாம்."

குப்புசாமி தொட்டியைப் பார்த்தார். கொக்கு முழங்கால் தெரிய நின்றது. "அது ஈரநிலப் பாதுகாப்புக்குன்னு வெச்ச தண்ணிம்மா. எடுத்துக் குடுக்க எனக்கு அதிகாரம் இல்ல."

தெய்வம்மா சண்டை போடவில்லை. "சரிங்க ஐயா" என்று போய்விட்டாள். புஷ்பவல்லி பின்னாலேயே ஓடி, வீட்டிலிருந்த தண்ணீரில் ஒரு குடம் நிரப்பிக் கொடுத்துவிட்டு வந்தாள். வந்ததும் ஆரம்பித்தாள்.

"அந்த வருசம் மண் சரிஞ்சு நம்ம பைப்பு உடைஞ்சு போச்சே, ஞாபகம் இருக்குதுங்களா?"

"இருக்குது."

"நகர் பூராவும் கொடத்தைத் தூக்கிட்டு அந்தப் பீலிக்குத்தானுங்க போனோம். அவுங்க சனம் வரிசையில நின்னுட்டு இருந்துச்சு. 'அக்காமாருக்கு நின்னு பழக்கமில்ல, அவுங்க புடிச்சுட்டுப் போகட்டும்'னு எங்க கொடத்தை முதல்ல வெச்சவ அவ. அதிகாரம் இருக்குதான்னு யாரையும் கேக்கல."

குப்புசாமி பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார். பேப்பர் தலைகீழாக இருந்தது.

விழா நாள் விடிந்தது. மோட்டார் சத்தத்தில் மைக் சோதனை கேட்கவில்லை என்று முத்துவேல் அதை முதல் வேலையாக நிறுத்தினார். பந்தல் போட்டாகிவிட்டது. கல்லின்மேல் பட்டுத்துணி போர்த்தியாகிவிட்டது. தொட்டியில் மட்டும் தண்ணீர் அடியில் கிடந்தது. லாரிக்குச் சொல்லி வெகுநேரமாகியும் வரவில்லை.

அதிகாரி வந்தார். ஷூவில் ஒரு பொட்டுச் சேறு இல்லாமல் மேடை ஏறினார். "ஒவ்வொரு துளியும்..." என்று ஆரம்பித்தார்.

குப்புசாமி போனும் கையுமாகப் பந்தலுக்குப் பின்னால் வந்தார். எதிரே, தெய்வம்மாவும் நாலைந்து பெண்களும் குடங்களோடு மேடு ஏறி வந்துகொண்டிருந்தார்கள். மெயின் ரோட்டுக் குழாய்க்குப் போகிறார்கள். பந்தலையும் போட்டோக்காரரையும் பார்த்ததும் தெய்வம்மா நின்றாள்.

"ஐயா, நாங்க இந்தப் பக்கமாப் போனா போட்டோவுல விழுந்துருவோமா?"

குப்புசாமி போட்டோக்காரரைத் திரும்பிப் பார்த்தார்.

"அழுக்குச் சேலையோட நாங்க எதுக்கு? ஐயா பாடுபட்டது வீணாப் போயிடும்" என்று அவளே சொல்லிவிட்டாள். "வாங்கடி, சுத்திக்கிட்டுப் போயிடுவம்." குடங்கள் திரும்பின. சுற்றுவழி என்றால் ஃபேக்டரி மேட்டைச் சுற்றவேண்டும். வெயில் ஏறிக்கொண்டிருந்தது.

இப்படி ஓர் அடியை எந்தக் கோபக்காரனும் அவருக்குக் கொடுத்ததில்லை. பந்தலுக்குள் கைதட்டல் கேட்டது. தொட்டி நிறைந்தால் போட்டோ நிற்கும். நிறையாவிட்டால், காய்ந்த தொட்டிக்குப் பக்கத்தில் அவர் பெயர் போட்ட கல்லைப் பார்த்து ஊரே சிரிக்கும். அந்தக் கல்லுக்காகத்தான் இத்தனையும்.  குப்புசாமி போனில் செலஸ்டினைக் கூப்பிட்டார்.

"தம்பி, தொட்டிக்கு வேண்டாம். லாரிய நேரா லயத்துக்குக் கொண்டு போ. அவுங்க கொடம், அண்டா, என்ன இருக்குதோ எல்லாத்துலயும் ஊத்திரு. காசு நான் தர்றேன். யார் குடுத்ததுன்னு மட்டும் சொல்லாத."

"செஞ்சர்லாம் சார். நல்ல காரியம்" என்றான் செலஸ்டின். "ஆனா பாருங்க, காலையில இருந்து ஊத்து திடீர்னு நின்னு போச்சு. லாரி சும்மா நிக்குது. உங்க பூங்காவுல ஒரு மோட்டார் ஓடுமே, அதைக் கொஞ்சம் போட்டுவிடச் சொல்லுங்க சார். அது ஓடினாத்தான் மேட்டுக்கு இந்தப் பக்கம் நம்ம ஊத்துல தண்ணி வரும்."

பந்தலுக்குள் செயலாளரை மேடைக்கு அழைத்தார்கள். இரண்டாம் முறையும் அழைத்தார்கள். தகரக் கொட்டகைக்குள் குப்புசாமி ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கி ஜிப்பாப் பைக்குள் போட்டார். மேட்டைத் தாண்டிப் போகும் குழாயைக் கழற்றிச் சுருட்டி ஓரமாக வைத்தார். பிறகு போய்க் கடைசி வரிசையில் நின்று, எல்லோரோடும் சேர்ந்து கைதட்டினார்.