ஃபோகஸில் அகப்படாத குழாய்

மனித நாகரிகம் தீயைக் கண்டுபிடித்த நாளில் தொடங்கியது என்பார்கள். தவறு. ஆய்வுக் குழுவைக் கண்டுபிடித்த நாளில்தான் தொடங்கியது. அந்த நாகரிகத்தின் சிகரமான 'எண்ணூர்க் கழிமுகக் கருமை ஆய்வுக் குழு' ஒரு காலையில் கரையில் வந்து இறங்கியது. படமெடுக்க அழைக்கப்பட்டிருந்தவள், டோல்கேட் கடைத்தெருவில் ஸ்டூடியோ வைத்திருக்கும் ஃப்ளோரன்ஸ். கல்யாணப் படங்களில் கைதேர்ந்தவள். குழு தன்னைக் கூப்பிட்டதில் அவளுக்கு ஏகப் பெருமை.

இடுப்பளவுத் தண்ணீரில் கையால் தடவி இறால் பிடித்துக்கொண்டிருந்தாள் குணசுந்தரி. முழங்கை வரை தார் பூசியதுபோல் எண்ணெய். அவளுக்குப் பின்னால் ஓர் ஆலைக் குழாய் கறுப்பாகக் கொட்டிக்கொண்டிருந்தது.

"ஃபோகஸைக் கையாலதான் திருப்பணும்மா," என்றார் தலைவர் வரதன். "மெஷினை நம்பி நீதி வழங்க முடியாது."

ஃப்ளோரன்ஸ் நீளமான டெலி லென்ஸை மாட்டி, வளையத்தை நூலளவு திருப்பினாள். கை பளிச்சென்றது, குழாய் கரைந்துபோனது. மறுபடி நூலளவு. குழாய் பளிச், கை மாயம்.

தலைவரின் குரல் தழுதழுத்தது. "ஆகா! கை தெரிஞ்சா குழாய் இல்ல, குழாய் தெரிஞ்சா கை இல்ல. ரெண்டுக்கும் தொடர்பே இல்லைன்னு லென்ஸே சொல்லிடுச்சே!"

உறுப்பினர்கள் கைதட்டினார்கள். ஃப்ளோரன்ஸ் குறுக்கிட்டாள்.

"சார், டெலி லென்ஸ்ல ஃபோகஸ் கச்சிதமா விழும், ஆனா ஒண்ணு மேலதான் விழும். வைடு லென்ஸ்ல ரெண்டும் வரும் சார்."

சொன்னவள் லென்ஸை மாற்றிக்கொண்டு, பேண்ட்டைச் சுருட்டிக்கொண்டு தண்ணீரிலேயே இறங்கிவிட்டாள்.

"அக்கா, கையக் கொஞ்சம் நீட்டுங்க."

"இன்னாத்துக்குமா? மோதிரம் போடப் போறியா?" என்றபடி நீட்டினாள் குணசுந்தரி.

கையும் குழாயும் ஒரே படத்தில் தெளிவாக விழுந்தன. தலைவர் கேமராத் திரையை நெடுநேரம் உற்றுப் பார்த்தார்.

"வளையத்தைத் திருப்பிக் காட்டும்மா... பாரு, மாற்றமே தெரியல. அப்போ நீ எது மேல ஃபோகஸ் வச்சேன்னு உனக்கே நிச்சயமில்ல."

"வைடுல ஃபோகஸ் எங்க நிக்குதுன்னு கண்ணுக்குப் பிடிபடறது கஷ்டம்தான் சார். ஆனா..."

"போதும். 'துல்லியம் ஐயத்துக்குரியது, படம் நிராகரிக்கப்படுகிறது.' லென்ஸை மூடும்மா."

"லென்சுக்கு மூடி கீது," என்றாள் குணசுந்தரி. "அந்தக் கொயாய்க்கு ஒரு மூடி இல்லியா நைனா?"

குழு கடலின் அழகில் லயித்திருந்தது.

உண்மையைச் சொல்லப்போய்த் தானே பொய்க்குச் சாட்சியாகிவிட்டோமே என்று ஃப்ளோரன்ஸ் வழியெல்லாம் புழுங்கினாள். கடைக்கு வந்ததும் அந்தப் படத்தை ஆளுயரத்துக்குப் பிரிண்ட் போட்டு, மணப்பெண்களை எல்லாம் கழற்றிவிட்டு, வாசல் கண்ணாடியில் மாட்டினாள். சைக்கிளில் போகிறவர்கள்கூடக் கால் ஊன்றி நின்று பார்த்தார்கள்.

மறுநாள் குழுவின் கார் டோல்கேட் நெரிசலில், சரியாக அந்தக் கண்ணாடிக்கு எதிரே மாட்டிக்கொண்டது. உள்ளே இருந்த அத்தனை தலைகளும் ஒரே நேரத்தில், ஒரே கோணத்தில், மயிரிழை பிசகாமல் மறுபக்கம் திரும்பின. அப்பேர்ப்பட்ட துல்லியம் எந்த லென்ஸுக்கு வரும்?