ஐரோப்பியப் படத்துக்கு நான் சொன்ன கதை

படித்த நாவலைப் பற்றிப் பேசுவதைவிட, படிக்காத நாவலைப் பற்றிப் பேசத்தான் தைரியம் வேண்டும். இருபத்தாறு வயதில் அது என்னிடம் மூட்டை மூட்டையாக இருந்தது.

வண்டிப்பெரியார் பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரியில் கிளார்க் வேலை. ஞாயிறு மதியம் வாசகசாலையில் படம் போடும் சங்கத்துக்கு நான்தான் செயலாளர். (உறுப்பினர் ஏழு பேர், ஆறு தாடி. முளைக்காதவன் நான்.)

ஒருமுறை, நாவலிலிருந்து எடுத்த ஒரு போலந்துப் படம் வந்தது. கீழே ஆங்கில எழுத்து ஓடும். எஸ்டேட் ஜனங்களுக்கு யார் விளக்குவது?

"நாவல மூணு தடவ படிச்சிருக்கேன்" என்று மைக்கை வாங்கிக்கொண்டேன். அட்டையைக்கூடப் பார்த்ததில்லை. எனக்குப் பேசி வைத்திருந்த டீச்சர் செல்வி, தன் அப்பாவோடு வந்திருந்தாள். வேறென்ன காரணம் வேண்டும்?

திரையில் பனி. ஒரு இளம்பெண் உருளைக்கிழங்கு தோல் சீவினாள். பத்து நிமிஷம் சீவினாள். நரைத்த மனிதர் ஒருவர் அவள் தலையைத் தடவினார். ஆங்கில எழுத்து நான் படிப்பதற்குள் ஓடிப்போனது.

"இவருதான் அவ புருஷன்" என்றேன்.

"பாவி பயலுவ, கெழவனுக்குக் கட்டி வச்சிருக்கானுவளே!" என்றார் கொழுந்து பறிக்கும் மாரியம்மாக்கா.

பிறகு ஒரு இளைஞன் கதவைத் தட்டினான். "கள்ளக்காதலன்" என்று அறிவித்தேன். கிழவர் அவனைக் கட்டிப்பிடித்து அழுதார். "பெருந்தன்மை!" என்று சமாளித்தேன்.

கடைசியில் கிழவர் செத்துப்போனார். கல்லறையில் அந்தப் பெண் கதற, திரையில் ஒரே சொல் நின்றது. முன்னால் உட்கார்ந்திருந்த பள்ளிக்கூடப் பையன் எழுத்துக்கூட்டிச் சத்தமாகப் படித்தான்: ஃபாதர்.

"ஏ தம்பி, ஃபாதர்னா அப்பாதான?" என்றார் மாரியம்மாக்கா.

"அது... பாதிரியாரையும் அப்பிடித்தான் கூப்பிடுவாங்க."

"அப்ப பாதிரியாருக்கா கட்டி வச்சானுவ?"

சிரிப்பில் கூரை பறந்தது. செல்வி எழுந்து வந்தாள். "மைக்கக் குடுங்க."

அந்த நாவலை அவள் மலையாளத்தில் படித்திருந்தாள். "அது அவளப் பெத்த அப்பா. வந்தவன், சண்டைக்குப் போயி செத்துட்டான்னு நெனச்ச அண்ணன்" என்றாள். அவ்வளவுதான், சிரித்த கூட்டம் அடங்கியது. மாரியம்மாக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்தார். என்னைப் பார்த்துச் சிரித்ததைவிட அந்த அழுகைதான் எனக்கு அதிகம் வலித்தது.

வெளியே செல்வியின் அப்பா என் தோளைத் தட்டினார். "மாப்ள, எங்க குடும்பத்துல யாரு யாருக்கு என்ன மொறைன்னு ஒரு தாள்ல எழுதித் தாரேன். மனப்பாடம் பண்ணிக்கிடுங்க."

கல்யாணம் நடந்தது. மேடையேறிய மாரியம்மாக்கா, செல்வியின் ஒரு பக்கம் நானும் மறுபக்கம் என் அப்பாவும் நிற்பதைப் பார்த்தார். "இதுல மாப்பிள்ள யாரு? தம்பி, நீ சொல்லாத. செல்வி சொல்லட்டும்" என்றார்.

இன்றும் எங்கள் கல்யாண ஆல்பத்தைப் புரட்டுகிறவர்கள் யாரும் "இது யாரு?" என்று என்னிடம் கேட்பதில்லை, என் மகள் உட்பட.