அக்கா எதிர்த்த வெட்டுத் தீர்மானம்

நான் ஒரு காலத்தில் சட்டமன்ற உறுப்பினராக இருந்தேன். எதிர்க்கட்சி வரிசையில், கடைசிக்கு முந்தின பெஞ்சில். ஐந்து வருடத்தில் நான் பேசிய பேச்சு ஒன்றுகூட யாருக்கும் நினைவில்லை. (எனக்கே இல்லை.) ஆனால் அதே சபையில் என் அக்கா பேசிய இரண்டே வாக்கியம் வாலாஜாபாத்திலிருந்து படப்பை வரைக்கும் இன்றும் ஜனங்களுக்கு மனப்பாடம். இத்தனைக்கும் அக்கா உறுப்பினர் இல்லை. வேடிக்கை பார்க்க வந்தவர்.

எழுபதுகளில் நடந்தது இது. இன்றைக்குக் கம்பெனி பஸ்கள் வரிசை கட்டிப் போகும் ஒரகடம் சாலையில் அப்போது ஒரு டவுன் பஸ்ஸுக்கே தவம் கிடக்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்த என்னைக் கட்சி கூப்பிட்டுத் தேர்தலில் நிறுத்தியது. வேறு யாரும் நிற்கச் சம்மதிக்கவில்லை என்ற விவரம் எனக்குப் பிற்பாடுதான் தெரியவந்தது. ஜெயித்தது என் மூஞ்சிக்காக என்று நினைத்துக்கொண்டிருந்தேன். என் மனைவி சரோஜா அந்த எண்ணத்தை அப்போதே திருத்தினாள்: "உங்களுக்கு யார் போட்டா? எல்லாம் தனம் அண்ணிக்கு விழுந்த ஓட்டு."

உண்மைதான். தனம் அக்கா பிள்ளைப்பாக்கத்தில் ஆரம்பித்து சேரப்பணஞ்சேரி வரைக்கும் வீடு வீடாக நுழைந்தார். வாசலோடு நிற்கிற ஆள் இல்லை அவர். நேரே அடுப்படிக்குப் போய்விடுவார். கொதிக்கிற குழம்பை ஒரு கிளறு கிளறிவிட்டு, "எந்தம்பி ஜெயிச்சா நம்ம ஆஸ்பத்திரிக்கு டாக்டர் வரும். வரலன்னா என்னை வந்து கேளு" என்பார். கொள்கை விளக்கம் அவ்வளவுதான்.

ஆஸ்பத்திரி எங்கள் ஊரில் இருந்தது. கட்டடம், பெயர்ப்பலகை, மேசை, நாற்காலி எல்லாம் இருந்தன. நாற்காலியில் உட்கார டாக்டர்தான் இல்லை. கம்பவுண்டர் மட்டும் வருவார். காய்ச்சல், கால்வலி, வயிற்றுப்போக்கு எதுவானாலும் ஒரே சிவப்பு மருந்துதான். பிரசவம் என்றால் காஞ்சிபுரத்துக்கு வண்டி கட்ட வேண்டும். அக்காவின் மகள் கஸ்தூரிக்கு முதல் குழந்தை அப்படிப் போகும் வழியில், மாட்டு வண்டியிலேயே பிறந்துவிட்டது. வண்டிக்காரர் மாட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டு கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாராம். தாயும் பிள்ளையும் பிழைத்தது அதிர்ஷ்டம். நான் ஜெயித்து வந்த சமயம் கஸ்தூரி மறுபடியும் முழுகாமல் இருந்தாள்.

"இந்தத் தபா வண்டியில வேணாண்டா லிங்கம்" என்றார் அக்கா. அவர் என்னிடம் கெஞ்சும் குரலில் பேசியது என் நினைவில் அந்த ஒரு தடவைதான்.

சட்டமன்றத்தில் மருத்துவத் துறைக்கான மானியக் கோரிக்கை வந்தது. அரசாங்கம் அந்த வருடம் ஆஸ்பத்திரிகளுக்கு எவ்வளவு செலவழிக்கலாம் என்று சபையிடம் அனுமதி கேட்கிற நாள் அது. நான் எங்கள் கட்சிக் கொறடாவிடம் போனேன். யார் எப்போது பேச வேண்டும், எப்போது வாயை மூட வேண்டும் என்று உறுப்பினர்களை மேய்க்கிற பதவி அது. எங்கள் கொறடா பழுத்த வக்கீல்.

"தம்பி, உங்க ஊர் ஆஸ்பத்திரியைப் பத்திப் பேசணும்னா ஒரு வெட்டுத் தீர்மானம் கொடுத்துடு. மருத்துவ மானியத்துல நூறு ரூபாய் குறைக்கணும்னு எழுதிக் கொடு."

எனக்குத் தலை சுற்றியது. "ஐயா, எனக்குக் கூடத்தானே வேணும்? குறைக்கச் சொல்லிக் கேட்டா எப்படி?"

"அது சம்பிரதாயம்ப்பா. தொகையைக் குறைக்கணும்னு சொன்னாத்தான் உன் குறையைச் சொல்ல விடுவாங்க. நிஜமா யாரும் குறைக்க மாட்டாங்க."

எனக்கு இது பிரமாதமாகப் புரிந்துவிட்டது. புரிந்த விஷயத்தை அக்காவிடமும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எங்கே! அந்த வாரம் முழுக்க நான் கண்ணாடி முன்னால் கையை ஆட்டிப் பேசிப் பழகிக்கொண்டிருந்தேன். சரோஜா வேட்டிக்குப் போட்ட கஞ்சியில் அது என் துணையில்லாமலே நிற்கிற பக்குவத்துக்கு வந்திருந்தது.

அன்று காலை அக்கா பத்துப் பன்னிரண்டு பெண்களைத் திரட்டிக்கொண்டு பஸ் ஏறிக் கோட்டைக்கு வந்துவிட்டார். எல்லோருக்கும் அனுமதிச் சீட்டு வாங்கிக் கொடுத்தவன் நானே. (சொந்தச் செலவில் சூனியம்.) மேலே பார்வையாளர் மாடத்தில் வரிசையாக உட்கார்ந்தார்கள். பேசக்கூடாது, கை தட்டக்கூடாது என்று காவலர்கள் சொல்லியிருந்தார்கள். அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, பெருமை வழியும் கண்ணோடு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சபாநாயகர் என் பெயரைக் கூப்பிட்டார். எழுந்தேன். வேட்டி எனக்கு முன்னால் எழுந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு, கடைசி வரிசைப் பையனுக்கும் கேட்கிற வாத்தியார் குரலில் முழங்கினேன்:

"தலைவர் அவர்களே! மருத்துவம் மற்றும் பொதுச் சுகாதாரத்துக்கான மானியத்தில் நூறு ரூபாய் குறைக்கப்பட வேண்டும் என்று நான் கோருகிறேன்!"

அடுத்த வாக்கியத்துக்கு மூச்சு இழுத்தேன். அது வெளியே வருவதற்குள் மேலேயிருந்து இடி விழுந்தது.

"அடப்பாவி லிங்கம்! கீறதே பத்தலன்னுதானேடா உன்னை இங்க அனுப்பிச்சோம், நீ இன்னாடா கொறைக்கச் சொல்றே?"

சபை முழுவதும் ஒரே சமயத்தில் அண்ணாந்தது. அக்கா கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றிருந்தார். இரண்டு காவலர்கள் ஓடினார்கள். அவர்கள் வந்து சேர்வதற்குள் இரண்டாவது வாக்கியமும் வந்துவிட்டது:

"அய்யா, பெரியவங்களே, அவன் பேச்சைக் கேக்காதீங்க, அவனுக்குச் சின்ன வயசுலேர்ந்தே கூட்டல் கழித்தல் வராது!"

கணக்கு வாத்தியாருக்கு இதைவிட நல்ல சான்றிதழ் கிடைக்குமா?

ஆளும் கட்சிக்காரர்கள் மேசையைத் தட்டினார்கள். எங்கள் கட்சிக்காரர்களும் தட்டினார்கள், அதுதான் தாங்கவில்லை. சபாநாயகர் "அமைதி, அமைதி" என்று சொல்லிக்கொண்டே கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டார். சுகாதார அமைச்சர் நிதானமாக எழுந்தார். வெள்ளைத் தலை, மெல்லிய குரல்.

"மாண்புமிகு உறுப்பினரின் தீர்மானத்துக்கு அவருடைய குடும்பத்தில் பெரும்பான்மை இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள விரும்புகிறேன்."

நான் பேச வேண்டியதெல்லாம் மறந்துபோனது. காலியான நாற்காலி, சிவப்பு மருந்து, மாட்டு வண்டி எதுவுமே வாய்க்கு வரவில்லை. காவலர்கள் அழைத்துப் போகும்போது அக்கா திரும்பித் திரும்பிப் பார்த்த பார்வை மட்டும் கண்ணில் நின்றது. பதற்றத்தில், "அப்படியானால் நூறு ரூபாய் கூட்டித் தர வேண்டும் என்று திருத்திக்கொள்கிறேன்" என்றேன்.

"உறுப்பினருக்குத் தொகையைக் குறைக்கச் சொல்லத்தான் உரிமை உண்டு. கூட்டச் சொல்ல உரிமை கிடையாது" என்றார் சபாநாயகர்.

"அப்படியானால்... இருக்கிறபடியே இருக்கட்டும்."

"அதற்கு நீங்கள் எழுந்திருக்கவே வேண்டாமே! உறுப்பினர் அமரவும்."

கொறடா பின்னாலிருந்து என் வேட்டியைப் பிடித்து இழுத்தார். உட்கார்ந்தேன். என் கன்னிப்பேச்சு அத்துடன் முடிந்தது.

சபை கலைகிறவரைக்கும் அக்காவைக் காவலர் அறையில் உட்கார வைத்திருந்தார்கள். ஒரு பெஞ்சில் டீ குடித்துக்கொண்டிருந்தவர், என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். திட்டியிருந்தால் பரவாயில்லை. கண் கலங்கியிருந்தது.

"கஸ்தூரிக்கு நான் இன்னாடா பதில் சொல்வேன்?" என்றார்.

நான் சம்பிரதாயத்தை விளக்க ஆரம்பித்தேன். அதற்குள் வாசலில் சுகாதார அமைச்சரே வந்து நின்றார். காவலர்கள் விறைத்தார்கள். அவர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அக்காவுக்கு எதிரே உட்கார்ந்தார்.

"என்னம்மா, என்ன குறை உங்களுக்கு?"

"எம் பொண்ணுக்கு மாசம் நெருங்கிக்கினு கீது சார். எங்க ஊர்ல ஆஸ்பத்திரி கீது, டாக்டர் இல்ல. மொதக் கொயந்த மாட்டு வண்டியில பொறந்துச்சி. அத்தப் பேசத்தான் இவன அனுப்பிச்சோம். இவன் இன்னா பேசினான்னு நீங்களே கேட்டீங்க."

"உங்க தம்பி பேசினது சரிதாம்மா. குறைக்கச் சொன்னாத்தான் அங்கே குறையைப் பேச முடியும்."

"கொறைன்னா கூட வோணும்னு அர்த்தமா? இன்னா சார் பாஷை இது?"

அமைச்சர் வாய்விட்டுச் சிரித்தார். "நானும் புதுசா வந்தப்போ இதையேதாம்மா கேட்டேன்." பிறகு குறும்பாக, "சரி, நான் டாக்டரை அனுப்பினா அடுத்த தடவை எங்க கட்சிக்கு ஓட்டுப் போடுவீங்களா?" என்றார்.

அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"அது முடியாது சார். இன்னா இருந்தாலும் இவன் என் தம்பி. ஆனா உங்களைப் பத்தி நல்லாச் சொல்வோம்."

"அது போதும்மா" என்று அவர் எழுந்து கும்பிட்டார்.

மறுநாள் செய்தித்தாளில், 'மருத்துவ நிதியைக் குறைக்க உறுப்பினர் கோரிக்கை; அக்கா எதிர்ப்பு' என்று கட்டம் கட்டிப் போட்டிருந்தார்கள். வாலாஜாபாத் பஸ் நிலையத்தில் டீக்கடைக்காரர் எனக்கு அரை டம்ளர் டீ கொடுத்து, "நீங்க கொறைக்கச் சொல்ற ஆளாச்சே சார்" என்றார். பள்ளிக்கூடத்தில் என்னிடம் படித்த பையன்கள் என்னைக் கண்டால் ரோட்டைத் தாண்டிப் போய்ச் சிரித்தார்கள்.

ஆனால் டாக்டர் வந்தார். திருநெல்வேலிப் பக்கத்துப் பெண், சின்ன வயது, கையில் ஒரு டிரங்குப் பெட்டி. கஸ்தூரிக்குப் பட்டப்பகலில், ஆஸ்பத்திரிக் கட்டிலில், ஆண் குழந்தை பிறந்தது. வராந்தாவில் நின்றிருந்த என்னிடம் அக்கா குழந்தையைக் கொண்டுவந்து நீட்டினார். முந்தானையால் என் நெற்றி வியர்வையை ஒற்றிவிட்டு உள்ளே போனார். அந்தப் பையன் இப்போது ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் சூப்பர்வைசர்.

அடுத்த தேர்தலில் கட்சிக்காரர்கள் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். என்னைப் பார்க்க இல்லை. அக்காவை நிற்கச் சொல்லிக் கேட்க. "கூட்டிக் கேக்க முடியாத எடத்துல எனக்கு இன்னா வேல?" என்று அக்கா அனுப்பிவிட்டார். வேறு வழியில்லாமல் நான் நின்றேன். தோற்றேன். மறுபடியும் கணக்கு வாத்தியார்.

எனக்கு இப்போது சர்க்கரை வியாதி. டாக்டர் சோற்றைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார். சொல்வது சுலபம். எங்கள் வீட்டுப் பந்தியில் உட்கார்ந்து, இலையைக் கையால் மறைத்து, "கொஞ்சம் கொறைம்மா" என்று நான் வாயைத் திறந்தால் போதும். கஸ்தூரி, அவள் பிள்ளைகள், நேற்று வந்த மருமகள் வரைக்கும் ஒரே குரலில், "கொறைன்னா கூட வோணும்னு அர்த்தம்!" என்று கத்துகிறார்கள். இலையில் இன்னொரு கரண்டிச் சோறு விழுகிறது. நான் ஆட்சேபம் சொல்ல நிமிர்ந்தால், பந்தியின் கோடியிலிருந்து பல் போன வாயால் அக்கா தீர்ப்புச் சொல்கிறார்:

"உறுப்பினர் துன்னவும்!"