நேராக நின்ற தூண்

அன்றைய வேலை ஒன்றே ஒன்று. வெளிக்கேட்டின் வலப்பக்கச் செங்கல் தூணை நிமிர்த்த வேண்டும்.

பெரியநாயக்கன்பாளையத்தில் நாங்கள் வீடு கட்டியபோது இரண்டு தூண்களும் நேராகத்தான் நின்றன. மழையில் மண் இறங்க, வலத்தூண் மற்றதை விட்டு விலகிச் சரிந்தது. கதவுகளுக்கு நடுவே ஓர் ஆடு புகும் அளவு இடைவெளி. ஆடு புகவும் செய்தது!

அதைக்கூடப் பொறுத்திருப்பேன். அன்று மாலை என் மகள் பூங்கொடியைப் பெண் பார்க்க அன்னூரிலிருந்து வருகிறார்கள். கோணல் தூணைக் கண்டால் குடும்பத்தைப் பற்றி என்ன நினைப்பார்கள்?

"கொத்தனாரக் கூப்புட்டுப் போடலாம் அம்மணி," என்றார் என் கணவர்.

"ஊர்ப் புள்ளைங்களையெல்லாம் நிமுந்து நிக்க வெச்சவ நான். இந்தத் தூணு எம்மாத்திரமுங்க?"

முறையாகவே செய்தேன். கதவுகளைச் சாத்தி, இரு தூண்களின் தலையையும் சேர்த்துக் கயிற்றால் கட்டினேன். கயிற்றின் நடுவே கடப்பாரையைச் செருகி அவர் முறுக்க வேண்டும். கோணல் தூணருகே நூலில் கல்லைத் தொங்கவிட்டு நான் கண்காணிப்பேன்.

"முறுக்குங்க!"

முறுக்கினார்.

"அசையவே காணோம். இன்னும் முறுக்குங்க!"

"அம்மணி, அந்தப் பக்கம் என்னமோ..."

"பேசாம முறுக்குங்க!"

'டக்'கென்று, பல மாதங்களாக எட்டாத தாழ்ப்பாள் தானே விழுந்தது.

"பாத்தீங்களா!" என்று வெற்றியோடு திரும்பினேன்.

கோணல் தூண் கோணலாகவே நின்றது. நேராக நின்ற இடத்தூண்தான் மிகுந்த பணிவோடு உள்ளே சாய்ந்திருந்தது! வகுப்பிலும் எனக்கு இதுவே நேர்ந்தது. கடைசி வரிசைக் குறும்புக்காரனை முறைப்பேன். அழுவது முதல் வரிசைப் பிள்ளை.

கயிற்றை அவிழ்த்தோம். தூண் திரும்பவில்லை. கதவுகள் ஒன்றையொன்று கவ்விக்கொண்டு திறக்க மறுத்தன. சுற்றுச்சுவர் மேலெல்லாம் கண்ணாடிச் சில்லு, திருடன் ஏறக் கூடாதென்று நானே பதிக்கச் சொன்னது. நாளை வாருங்கள் என்று சொல்ல, தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எங்கள் தெருவில் தொலைபேசியும் கிடையாது.

வேன் வந்து நின்றது.

"வாங்க, வாங்க!" என்று கம்பிகளுக்கு உள்ளிருந்து கும்பிட்டேன். சிறையில் உறவினரைப் பார்க்கும் நேரம் போலிருந்தது.

மாப்பிள்ளையின் தாயார் கதவைத் தள்ளிப் பார்த்தார். "ஏனுங்க டீச்சர், பூட்டியிருக்குதுங்களா?"

"இல்லீங்க... தூணை நிமுத்தினோமுங்க."

அம்மையார் இரு தூண்களையும் மாறி மாறிப் பார்த்தார். "எதைங்க?"

நூலில் தொங்கிய கல்லை முதுகுக்குப் பின்னால் மறைத்தேன்.

"வாசல் வரைக்கும் வந்துட்டுத் திரும்பிப் போறது நல்லதில்லீங்களே," என்று அவர் முகம் சுருக்கினார். மகளின் சம்பந்தமே கேட்டுக்கு வெளியே நின்று தயங்கியது.

மாப்பிள்ளை செருப்பைக் கழற்றினார். "நீங்க வேன்ல போயி உக்காருங்கம்மா. நான் பாத்துப்போட்டு வாரேன்."

வேட்டியை மடித்துக் கட்டிக் கேட்டின் மேல் ஏறினார். உச்சியில், கம்பி முனை வேட்டியைப் பற்றிக்கொண்டது.

அழைக்கும் வரை அறையை விட்டு வரவே கூடாதென்று நான் கட்டளையிட்டிருந்த பூங்கொடி, ஸ்டூலோடு ஓடி வந்தாள்.

"அப்படியே இருங்க! அசைஞ்சா கிழிஞ்சுபோகுமுங்க!"

"அசையிலீங்க," என்றார் அவர், ஒரு கால் அன்னூரிலும் ஒரு கால் எங்கள் வீட்டிலுமாக.

அவள் வேட்டியை விடுவித்தாள். இருவரும் சிரித்துவிட்டார்கள்.

வெளியிலிருந்து குரல் வந்தது. "ஏனுங்க டீச்சர், எம் பையன இப்பவே உள்ள வெச்சுப் பூட்டிப்போட்டீங்களே!"

ஆவணியில் கல்யாணம். அதற்குள் கொத்தனார் இரண்டு தூண்களையும் இடித்துக் கட்டினார். நான் அந்தப் பக்கமே போகவில்லை. கதவு இப்போது விரலால் தள்ளினாலே திறக்கிறது.

ஆனாலும் மாப்பிள்ளை எங்கள் கேட்டை நெருங்கும்போதே வேட்டியை மடித்துக் கட்டிக்கொள்கிறார்.