மடிப்பு மாற்றிய லேப்டாப்

ஆரணி,
புரட்டாசி 20

அன்புள்ள தம்பி வேணுகோபாலுக்கு, அக்கா ரேணுகாதேவி எழுதுவது.

இங்கே நானும் உன் மாமாவும் நலம். பெங்களூரில் நீ, சரண்யா, குழந்தை மூவரும் நலமென்று நம்புகிறேன். போனில் பேசாமல் கடிதம் எழுதுவதற்கு இரண்டு காரணங்கள். போனில் சொன்னால் நீ நடுவில் சிரிப்பாய். மின்னஞ்சலில் எழுதலாம் என்றால், நீ வாங்கிக் கொடுத்த பிசினஸ் லேப்டாப்புக்கு இப்போது திரை இல்லை. பதற வேண்டாம், மற்றபடி அது நலமே.

நான் எதையும் சட்டென்று நம்புகிறவள் இல்லை என்பது உனக்குத் தெரியும். பதினோரு வருடம் கல்லூரியில் இயற்பியல் நடத்தியவளிடம் 'ராணுவத் தரம், மேஜையிலிருந்து விழுந்தாலும் ஒன்றும் ஆகாது' என்று நீ சொன்னபோது விளம்பரம் என்றுதான் நினைத்தேன். புடவை டிசைன் போட சாதாரண லேப்டாப் போதாதா என்றும் கேட்டேன். அந்தக் கேள்வியைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

வந்தவாசியில் மதிவதனி என்ற பெண்ணுக்கு ஐப்பசி பன்னிரண்டாம் தேதி கல்யாணம். முகூர்த்தப் புடவை நம்மிடம். கரையின் கீழ் ஓரம் முழுக்க மயில் வரிசை. மூன்று வாரம் உட்கார்ந்து புள்ளி புள்ளியாக நான் போட்ட அந்த டிசைன் லேப்டாப்புக்குள் இருந்தது, வேறு எங்கும் இல்லை. நகல் எடுத்து வைக்கச் சொல்லியிருந்தாய். அதை இப்போது நினைவூட்ட வேண்டாம். டிசைனை அட்டை குத்தும் மெஷினில் ஏற்றி, அட்டையில் ஓட்டை குத்தி, அந்த அட்டைகளைத் தறிக்கு மேல் மாட்டினால்தான் எல்லப்பன் நெய்ய முடியும். அட்டை குத்த ஐந்து நாள், அதன்பின் ஒரு புடவை நெய்யப் பதினைந்து நாளாவது வேண்டும். அவர் தறியில் பாவு நூலைப் பூட்டிவிட்டு, அட்டைக்காகத் தினமும் காலையில் நம் வாசலில் வந்து நின்றார். ஒன்றும் கேட்கமாட்டார், நிற்பார். அதுதான் கஷ்டம்.

பட்டு வீட்டுப் பழக்கம் உனக்குத் தெரியாததல்ல. புடவையை ஒரே மடிப்பில் விட்டுவைத்தால் மடிப்பில் ஜரிகை அறுந்துபோகும் என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை பிரித்து, மடிப்பை மாற்றி மடித்து, வெள்ளைத் துணியில் சுற்றி வைப்போம். லேப்டாப்பையும் உன் மாமா முதல் நாளிலிருந்தே வெள்ளைத் துணியில்தான் சுற்றி வைத்தார். நல்ல பழக்கம்தானே என்று நானும் விட்டுவிட்டேன். போன வாரத்தோடு மூன்று மாதம் முடிந்தது. நான் காபி போட்டுக்கொண்டிருந்தேன், கூடத்திலிருந்து குரல் வந்தது. "ரேணு, இது எப்பவும் ஒரே மடிப்புலயே இருக்குது, கவனிச்சியா?" கவனித்தேன் என்றேன். "மடிப்புல அறுந்துடும். மாத்திடறேன்." நான் கரண்டியோடு ஓடிவந்தபோது திரை பின்பக்கம் சாய்ந்து, மேஜைமேல் மட்டமாகப் படுத்திருந்தது. நூற்றெண்பது பாகை. ஒரு முனகல் இல்லை. கண்ணால் பார்க்காவிட்டால் நம்பியிருக்கமாட்டேன், நம் வீட்டு பீரோ கதவு கூட அவ்வளவு திறக்காது. "பாத்தியா, இதுக்கே தெரிஞ்சிருக்குது" என்றார். அங்கே நிறுத்தியிருக்கலாம். ஏதோ கல்யாணத்தில் போட்டோகிராபரின் லேப்டாப் முழுக்கப் பின்னால் மடிந்ததைப் பார்த்திருக்கிறாராம், அந்த ஞாபகத்தில் அழுத்தினார். பாக்கு வெட்டுவது போல ஒரு சத்தம். திரை கறுத்தது.

"இன்னா ஆச்சு?" என்றார்.

"மடிப்பு மாறிடுச்சு" என்றேன்.

திரை போயும் உள்ளே காற்றாடி சுற்றிக்கொண்டிருந்தது, எழுத்துகளின் அடியில் விளக்கு எரிந்தது. இடுப்பு உடைந்த பிறகும் வேலையை விடாத அந்தப் பிடிவாதத்தைப் பார்த்து முதல்முறையாக எனக்கு அதன்மேல் மரியாதை வந்தது. அடியில் இருந்த எண்ணுக்குப் போன் செய்தேன். அந்தப் பக்கத்துப் பெண் ஒரே ஒரு தொடர் எண்ணைக் கேட்டாள். அதை வைத்து லேப்டாப் பிறந்த மாதம், வாங்கியவர் பெயர், கைதவறி உடைந்தாலும் மாற்றித்தர நீ முன்கூட்டியே பணம் கட்டி வைத்தது எல்லாவற்றையும் ஒப்பித்தாள். நம் ஜோசியருக்கு என் பிறந்த நேரத்தில் இன்றுவரை குழப்பம். "நாளைக்கு எங்க ஆள் வருவாங்க மேடம்" என்றாள். எங்கே என்று கேட்டேன். உங்க வீட்டுக்குத்தான் என்றாள். நான் நம்பவில்லை. மறுநாள் பத்தரை மணிக்கு வேலூர் பஸ்ஸிலிருந்து இறங்கி, பவித்ரா என்ற பெண் பை நிறைய திருப்புளிகளோடு வந்து நின்றாள்.

"எப்படி ஆச்சு அங்கிள்?"

"மடிப்பு மாத்தினேம்மா."

அவள் என்னைப் பார்த்தாள். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

"இதுக்கு ஒரே மடிப்புதான் அங்கிள்."

"ஏன், உள்ள ஜரிகை மாதிரி எதுனா இருக்குதா?"

"ரிப்பன் ஒண்ணு இருக்குது. அதுதான் மடிப்புல அறுந்துபோச்சு."

"நான் சொன்னேனா இல்லியா" என்று உன் மாமா என் பக்கம் திரும்பினார். வெற்றி பெற்றவரின் முகம்.

புதுத் திரை வரப் பத்து நாள் ஆகும் என்றாள். அவ்வளவு நாள் தறி சும்மா நின்றால் மதிவதனி முகூர்த்தத்துக்கு வேறு கடைப் புடவைதான் கட்ட வேண்டும். என் முகத்தைப் பார்த்தோ என்னவோ, பவித்ரா பையிலிருந்து ஒரு கேபிளை எடுத்து லேப்டாப்பை நம் டிவியோடு இணைத்துவிட்டு அடுத்த பஸ்ஸுக்கு ஓடினாள். நான் டிசைனைத் திறந்தேன். வேணு, பாதிச் சுவருக்கு மயில். சின்னத் திரையில் எறும்பு வரிசையாகத் தெரிந்தவை ஒவ்வொன்றும் கோழி அளவுக்கு நின்றன. எல்லப்பனை உள்ளே கூப்பிட்டேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"டீச்சரம்மா, தப்பா எடுத்துக்காதீங்க. மயிலு எதும்மேல நிக்குது?"

பார்த்தேன். கால்கள் முழங்காலோடு நின்றன. ஒரு மயிலுக்கும் பாதம் இல்லை. மூன்று வாரம் நான் பார்த்துக்கொண்டிருந்த மயில்கள். "இப்படியே நெய்ஞ்சிருந்தா பேஜாரா பூட்டிருக்கும்" என்றார் எல்லப்பன். உட்கார்ந்து ஒரு மயிலுக்குப் பாதம் வரைந்தேன், ஒரு பட்டனைத் தட்டினேன், வரிசையில் இருந்த எல்லா மயிலுக்கும் ஒரே நொடியில் பாதம் முளைத்தது. என் கடவுள் நம்பிக்கை எவ்வளவு என்பது உனக்குத் தெரியும். அந்த நொடியில் நான் எழுந்து நின்றுவிட்டேன்.

திரை உடையாமல் இருந்திருந்தால் அந்தப் பெண் கால் இல்லாத மயில்களைக் கட்டிக்கொண்டு மணையில் உட்கார்ந்திருப்பாள். தான் உடைந்து என் தவற்றைக் காட்டிக்கொடுத்த கருவியை நான் இதுவரை பார்த்ததில்லை. டிசைனை அப்படியே மெஷினில் ஏற்றி அட்டை குத்தியாயிற்று. இன்று காலை தறி ஓட ஆரம்பித்தது. உன் மாமாவைக் கூட மன்னித்துவிட்டேன்.

சரண்யாவுக்கு என் அன்பு. குழந்தைக்கு உன் மாமா ஒரு முத்தம் தரச் சொன்னார். நீ திடமான உடம்போடும் நீண்ட வாரன்ட்டியோடும் வாழ வேண்டும்.

உன் அக்கா,
ரேணுகாதேவி

பி.கு. (புரட்டாசி 24): இதைத் தபாலில் சேர்ப்பதற்குள் புதுத் திரை வந்துவிட்டது. பவித்ரா மாட்டிக் கொடுத்தாள். டிசைனைத் திறந்தேன். மயில்களுக்குப் பாதம் இருக்கிறது. அதற்கு மேலே, முழங்காலில், இன்னொரு ஜோடிப் பாதமும் இருக்கிறது. "டிவி ஓரத்துல விரலளவு வெட்டித்தான் காட்டும் ஆன்ட்டி. கீழ இருந்த பாதம் அதுலதான் மறைஞ்சிருக்கும். செட்டிங் மாத்தணும், சொல்ல மறந்துட்டேன்" என்றாள். எல்லப்பன் வீட்டுக்கு ஓடினேன். மூன்று முழம் நெய்தாயிற்று. "நானும் பாத்தேன். படிச்சவங்க போட்டது, எதுனா காரணம் இருக்கும்னு வுட்டுட்டேன்" என்றார். அந்த நேரம் பார்த்து, வந்தவாசியிலிருந்து மதிவதனியும் அவள் அம்மாவும் புடவை எதுவரை வந்திருக்கிறது என்று பார்க்க வந்துவிட்டார்கள். அந்தப் பெண் தறியில் குனிந்து நெடுநேரம் பார்த்தாள். நிமிர்ந்து, "மயிலுக்குக் கொலுசு போட்டிருக்கீங்களா ஆன்ட்டி?" என்று கேட்டாள். உன் மாமா வாயைத் திறந்தார். நான் முந்திக்கொண்டு ஆமாம் என்றேன். அவள் அம்மா இளைய மகளுக்கும் இதே கொலுசு மயில்தான் வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். ஆகவே லேப்டாப்பைப் புகழ்ந்து மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிட்டுப் படி. யார் கேட்டாலும், கொலுசு நான் யோசித்துப் போட்டது.