பலூனில் வந்த நிம்மதி

ஷுப்ரா கடைவீதியில் கழுதைவண்டி நுழைய இடமில்லை. தக்காளி மலிந்துவிட்டதா என்று கேட்காதீர்கள். கெய்ரோ மக்கள் காற்று வாங்க வந்திருந்தார்கள்!

சினாய் மலையுச்சிக் காற்றைப் பலூனில் அடைத்து விற்றார் உஸ்தாத் ஃபன்கரி. நீலப் பலூன் படபடப்புக்கு. சிவப்புப் பலூன் மாமியார் பயத்துக்கு. காற்றுக்கே நிறம் பிரித்த மேதை!

முன்வரிசையில் ஷவ்கத். ஆள் பேரீச்சை மர உயரம், நெஞ்சு கோழிக்குஞ்சு. நாலு பேர் பார்த்தாலே வியர்த்துவிடும். வியாழக்கிழமை கல்யாணம் வேறு. உஸ்தாத் சொன்னபடி பலூனின் வாயை மூக்கில் வைத்து, வயிறு உப்ப மெதுவாக இழுப்பான், சற்றே நிறுத்துவான், சூடான தேநீரை ஊதி ஆற்றுவதுபோல நீளமாக விடுவான். படபடப்பு அடங்கிவிடும். வினையே அதுதான்.

அன்று உஸ்தாத் கையை விரித்தார். "மலையில பனி கொட்டுது. நீலப் பலூன் காத்து வர ஒரு மாசம் ஆகும்."

ஷவ்கத் மணப்பெண் நவ்வாராவிடம் ஓடினான். "கல்யாணத்தைத் தள்ளி வெச்சுடலாமா? காத்து ஸ்டாக் இல்லையாம். என்கிட்ட இருக்கறது ஒரே ஒரு பலூன்."

"அஸ்வான்லேர்ந்து மாமாவெல்லாம் ரயில் ஏறியாச்சு. காத்து வரலைன்னு அவங்களை எறக்கி விடவா? உனக்கு மூக்கு இருக்கா இல்லையா?"

"ஊர்க் காத்து வேற, உஸ்தாத் காத்து வேற, நவ்வாரா!"

அவள் அந்த நீலப் பலூனைப் பிடுங்கிக்கொண்டாள். அதேபோல இன்னொன்றைத் தானே ஊதி, அடையாளத்துக்கு முடிச்சில் ஒரு நூலைச் சுற்றினாள்.

மறுநாள் கூட்டத்தின் நடுவே இரண்டையும் நீட்டினாள். "உஸ்தாத், ஒண்ணு உங்க காத்து, ஒண்ணு ஊர்க் காத்து. எது எதுன்னு சொல்லுங்க."

உஸ்தாத் முதல் பலூனை முகர்ந்தார். "சீ! பஸ் புகை, சாக்கடை!" வீசியெறிந்தார். அடுத்ததை முகர்ந்ததும் கண்கள் செருகின. "ஆஹா! மலைப் பச்சிலை வாசம்!"

கூட்டம் மெய்சிலிர்த்தது.

"பச்சிலைதான்" என்றாள் நவ்வாரா. "முளோகியாக் கீரை. பூண்டை வதக்கிக் கொட்டி ரெண்டு தட்டு தின்னுட்டு, நேத்து நான் ஊதினது. நூல் சுத்தியிருக்கு பாருங்க. நீங்க சீன்னு எறிஞ்சதுதான் உங்க மலைச் சரக்கு!"

கூட்டத்தில் சிரிப்பு வெடித்தது. ஒரு பெரியவர் மட்டும் கும்பிடாத குறையாக நெருங்கினார். "இந்தப் பொண்ணுகிட்டதான் சக்தி இருக்கு போல! எனக்கும் ஒண்ணு ஊதிக் குடும்மா!"

நவ்வாரா தலையில் அடித்துக்கொண்டாள்.

ஷவ்கத் வெளிறிப்போயிருந்தான். "அப்போ எனக்குப் படபடப்பு அடங்கினது?"

"வெறும் மூக்கால இழுத்துப் பாரு. மெதுவா. விடறப்போ இன்னும் மெதுவா."

அத்தனை கண்களும் பார்க்க, இழுத்தான், விட்டான், மறுபடி இழுத்தான். தோள் தளர்ந்தது. வியர்வை நின்றது. "அடிப்பாவி, அடங்குதே!"

உஸ்தாதுக்கோ மூச்சிரைத்தது. எதிரே நூறு சிவப்புப் பலூன் தொங்கியும் ஒன்றைக்கூடத் தொடவில்லை. செருப்பை விட்டுவிட்டு ஓடினார்.

வியாழக்கிழமை கல்யாணம் அமர்க்களமாக நடந்தது. மேளக்காரர்கள் நடுவே மாப்பிள்ளை மூச்சை இழுத்து விட்டு, இடுப்பை வளைத்து ஆடினான்.

பிறந்த அன்றே இலவசமாக வந்த மூச்சை உங்களுக்கே விற்க எவனாவது வருவான். மூக்கை நீட்டும் முன், மக்களே, மூளையையும் கொஞ்சம் காற்றாட விடுங்கள்!