ஓவசியர் கட்டிய மேடை

காலை ஏழு இருபது பஸ் மேடையிலிருந்து மூன்றடி தள்ளி நின்றது. மேடையில் காத்து நின்ற ஒன்பது பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு ஒவ்வொருவராக மேடையிலிருந்து வீதிக்குக் குதித்து, வீதியிலிருந்து பஸ்ஸில் ஏறினார்கள்.

கடைசியில் நின்றவள் கமலாவதி. அவளால் குதிக்க முடியாது. சிறு வயதில் வந்த காய்ச்சலில் இடது கால் சூம்பிப்போயிருந்தது. இரண்டு பெண்கள் அவளைப் பிடித்துக் கீழே இறக்கினார்கள். கொண்டக்டர் கக்கத்தில் கை கொடுத்து மேலே தூக்கினான்.

அந்த மேடையைக் கட்டியவர் அவளுடைய தகப்பன் நாகலிங்கம். கிராமச் சங்கத்தில் ஓவசியர். ஊர் வீதிகளும் மதகுகளும் அவர் பொறுப்பு. அன்று அவர் மதகுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, சைக்கிளை உருட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனார். ஏறி ஓட மனம் வரவில்லை.

மனைவி இறந்து ஆறு வருடமாகிறது. வீட்டில் அவரும் மகளும்தான். கமலாவதிக்கு முப்பத்தொரு வயது. ஐந்து சம்பந்தங்கள் வந்தன. அவள் தேத்தண்ணீர்த் தட்டோடு நடந்து வந்ததைப் பார்த்ததும் ஐந்தும் போயின. யாழ்ப்பாணத்தில் ஒரு அலுவலகத்தில் தட்டெழுத்து வேலை கிடைத்ததுதான் அந்த வீட்டுக்கு இருந்த ஒரே வெளிச்சம். மேடை கட்டுவதற்கு முன்பு ஒரு நாள், அந்த வேலையையும் விடப்போகிறேன் என்று அவள் சொன்னாள்.

“நாள் தவறாமல் என்னை மூட்டை மாதிரித் தூக்கி ஏத்துகினம் அப்பா. எனக்கு வெக்கமாக் கிடக்கு.”

அடுத்த நாளே நாகலிங்கம் அளவு நாடாவோடு போய் பஸ்ஸின் முதற்படியை அளந்தார். நிலத்திலிருந்து ஒன்றரை அடி. நீர்வேலிக்கு வடக்கே இருந்த அந்தச் சந்தியில், வீதி ஓரமாக ஒன்றரை அடி உயரத்தில் மேடை கட்டினால் பஸ்ஸுக்குள் நேராக நடந்து போகலாம். நொண்டி, கிழவர், பிள்ளைத்தாய்ச்சி யாருக்கும் ஒருவருடைய கையும் தேவையில்லை. எழுபத்து மூன்றாம் ஆண்டு அது. சீமெந்து கண்ணில் காண முடியாத காலம். சேர்மன் ஆழ்வாப்பிள்ளையிடம் நான்கு மாதம் நடந்து அனுமதி வாங்கினார். மேடைக்கு ஒரு பக்கம் சரிவுப் பாதையும் வைத்துக் கட்டினார்.

எல்லாம் சரியாக இருந்தது. பஸ் மட்டும் கிட்ட வரவில்லை. மேடையில் உரசினால் பஸ்ஸின் உடம்பு நெளியும், தங்கள் வேலை போகும் என்று டிரைவர்மார் பயந்தார்கள். முன்பு ஒரு தரம் ஏறின சனம் இப்போது ஒரு தரம் இறங்கி ஒரு தரம் ஏறியது.

பஸ் மேடைக்கு வராவிட்டால் மேடை பஸ்ஸிடம் போகட்டும் என்று நாகலிங்கம் அதை வீதிப் பக்கமாக இரண்டரை அடி அகட்டினார். டிரைவர்மார் அதைத் தூரத்திலேயே கண்டு விலகி, முப்பது யார் தூரம் தாண்டிப் போய் நிறுத்தத் தொடங்கினார்கள். சனம் மேடையிலிருந்து பாய்ந்து பஸ்ஸுக்குப் பின்னால் ஓடியது. கமலாவதி ஓடவில்லை. மூன்று நாள் பஸ்ஸைத் தவறவிட்டு வீட்டுக்குத் திரும்பி வந்து படுத்துவிட்டாள்.

நாகலிங்கம் மேடை முனையில் வெள்ளை அடித்த ஒரு கம்பத்தை நட்டார். பஸ்ஸின் முன் சில்லு கம்பத்துக்கு நேரே நின்றால் பின்வாசல் மேடைக்கு நேரே வரும் என்பது கணக்கு. முதல் நாள் வந்த பஸ் கம்பத்துக்கு நேரே ஒழுங்காக நின்றது. ஆனால் அந்த பஸ்ஸுக்கு வாசல் முன்னால். ஏற வந்தவர்களுக்கும் வாசலுக்கும் நடுவில் கம்பம் நின்றது. ஒரு பருத்த மனிதர் இடையில் அகப்பட்டு, பஸ் ஐந்து நிமிடம் பிந்தியது. அன்று பின்னேரமே கம்பத்தைப் பிடுங்கினார்கள்.

சனத்தின் கோபம் ஆறட்டும் என்று அவர் மேடைக்குத் தென்னோலைக் கிடுகால் ஒரு கூரை போட்டார். வெயில் படாது, மழை படாது. மூன்றாம் நாள் வாழைக்குலைகளைத் தலையில் கட்டிக்கொண்டு வந்த ஒரு பஸ், வழக்கத்துக்கு மாறாகக் கொஞ்சம் கிட்ட வந்தது. குலையொன்று கூரை வளையில் கொழுவிக்கொண்டது. நாகலிங்கத்தின் கூரை யாழ்ப்பாணம் போய்ச் சேர்ந்தது.

சேர்மன் அவரை அழைத்து, முன்னாலிருந்த கதிரையில் இருக்கச் சொல்லாமலே பேசினார்.

“ஓவசியர், உந்த மேடையிலை ஏறினவையை விட விழுந்தவைதான் கூட. வாற வெள்ளிக்கிழமை இடியுங்கோ. அதுக்கு முன்னம் ஏன் கட்டினதெண்டு எழுத்திலை தாங்கோ.”

நாகலிங்கம் இரண்டு நாள் வெறும் தாளோடு இருந்தார். மகளுக்காகக் கட்டினேன் என்று எழுத முடியாது. ஊருக்காகக் கட்டினேன் என்று எழுத ஊர் விடாது. சோற்றைப் பிசைந்துவிட்டு எழும்பிப் போனார். கமலாவதியும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. மழை வேறு பிடித்துக்கொண்டது.

அந்த வாரந்தான் ஏழு இருபது பஸ்ஸுக்கு மரியரட்ணம் என்ற புது டிரைவர் வந்தான். குருநகர்ப் பக்கத்து ஆள், முப்பத்தைந்து வயது இருக்கும், அதிகம் கதைக்காதவன். முதல் நாள் அவனும் மற்றவர்களைப் போலத் தாண்டிப் போய்த்தான் நிறுத்தினான். கண்ணாடியில் பின்னால் பார்த்தான். ஒரு பெண் மழையில் நனைந்துகொண்டு, காலை இழுத்து இழுத்து வருவது தெரிந்தது. அவள் வந்து ஏறும்வரை பஸ்ஸை எடுக்கவில்லை.

இரண்டாம் நாள் அவன் பஸ்ஸை மெல்ல மெல்ல வீதி ஓரமாக அணைத்துக் கொண்டுவந்து, வாசல் நேராக வர, மேடைக்கும் படிக்கும் நடுவில் நாலு விரல் இடம் விட்டு நிறுத்தினான். கமலாவதி ஒரு கணம் தயங்கிவிட்டு நடந்தாள். ஒருவர் கையும் படாமல் உள்ளே போய் இருந்தாள். மதகடியில் நின்ற நாகலிங்கம் முகத்தை மறுபக்கம் திருப்பிச் சால்வையால் துடைத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை மேடையை இடிக்க அலவாங்கோடு ஆட்கள் வந்து நின்றார்கள். சேர்மனும் வந்தார். ஏழு இருபது பஸ் அதே நாலு விரலில் வந்து நின்றது. கமலாவதி ஏறினாள். அவளுக்குப் பின்னால் ஒரு பிள்ளைத்தாய்ச்சியும், தடியூன்றிய ஒரு கிழவரும் ஏறினார்கள். சேர்மன் அலவாங்குகளைத் திருப்பி அனுப்பினார்.

அதற்குப் பிறகும் மற்ற டிரைவர்மார் திருந்தவில்லை. நாகலிங்கம் ஒரு நாள் மரியரட்ணத்திடம் நேரே போய், எப்படி இவ்வளவு கணக்காக நிறுத்துகிறாய் என்று கேட்டார். அவன் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

“மனம் வைச்சால் ஏலும் ஐயா.”

அந்தப் பதில் அவருக்கு மிகவும் பிடித்துப்போனது. தன் வேலையை விளங்கிக்கொண்ட ஒரே ஆள் இவன்தான் என்று மகளிடம் பலமுறை சொன்னார். அவள் தலையாட்டுவாள்.

தைப் பொங்கல் கழிந்து, டிரைவர்மாரை மாற்றப்போகிறார்கள் என்று ஒரு கதை வந்தது. நாகலிங்கம் பதறிப்போனார். அவன் போனால் மறுபடியும் இறக்கிப் பிடிக்கவும் தூக்கி ஏற்றவும் ஆள் தேட வேண்டும். டிப்போவுக்கு ஒரு கடிதம் எழுதினார். இவனைப் போல ஒழுக்கமும் பொறுமையும் உள்ள ஒரு மனிதனைத் தான் கண்டதில்லை, இவனை எக்காலமும் இந்த இடத்தை விட்டுப் பிரிக்கக்கூடாது என்று முடித்துக் கையெழுத்து வைத்தார். கடிதத்தை அவன் கையாலேயே கொடுத்தனுப்ப விரும்பினார்.

அடுத்த நாள் கமலாவதி அலுவலகத்தில் வேலை கூட என்று சொல்லி முதல் பஸ்ஸிலேயே போய்விட்டிருந்தாள். நாகலிங்கம் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு மேடையில் போய் நின்றார்.

ஏழு இருபது பஸ் நடுவீதியில் நின்றது. வேறு டிரைவர். நாகலிங்கம் தடுமாறி இறங்கிப் போய், மரியரட்ணத்தை மாற்றிவிட்டார்களா என்று கொண்டக்டரிடம் கேட்டுக் கடிதத்தை நீட்டினார். கொண்டக்டர் அதை வாங்கி, வாசற்கம்பியில் சாய்ந்து நின்று முழுவதையும் வாசித்தான். பிறகு அவரை ஏற இறங்கப் பார்த்தான்.

“உங்களுக்குத் தெரிஞ்சால் விடமாட்டியள் எண்டு பயந்தெல்லோ ஐயா, மரியரட்ணம் அண்ணையும் கமலாவதி அக்காவும் சொல்லாமல் இண்டைக்குப் பதிவுக் கலியாணம் எழுதப் போனவை; நீங்கள் மருமோனுக்கு நற்சாட்சிக் கடிதமே எழுதிக் கையிலை வைச்சிருக்கிறியள்.”